ஸ்டெர்ன்டிரைவ் உறுமுகிறது: எங்கிருந்து என்று தேடிப் பார்த்தது

படகு நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் பாதிக்கு மேல் ஒடித்தால் பின்னாலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். தரைப்பலகை வழியாகக் காலுக்கு ஏறும். நேராக்கினால் அடங்கிவிடும். இது போதாதென்று ஐடிலில் ஒரு கடகடப்பு, நடுத்தர வேகத்தில் ஒரு ரீங்காரம். மூன்றும் ஒரே கோளாறா, தனித்தனியா என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சத்தம் கேட்டதும் "பேரிங் போயிடுச்சு" என்று சொல்வது எளிது. எந்த பேரிங் என்று கேட்டால்தான் சிக்கல். ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது, ப்ரொபெல்லரைச் சுற்றும் டிரைவ் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. எஞ்சினின் ஃப்ளைவீலில் ஒரு கப்ளர் (இணைப்பு), அதற்குள் ஸ்ப்லைன், அதாவது நீளவாட்டுப் பற்கள், போட்ட ஒரு தண்டு. அந்தத் தண்டு, பின்பலகையருகே அதைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாக வெளியே வந்து, கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் இரண்டு யூனிவர்சல் ஜாயின்டுகளை (யு-ஜாயின்ட்) தாண்டி மேல் கியர்பெட்டிக்குள் நுழைகிறது. அங்கிருந்து செங்குத்துத் தண்டு கீழே இறங்கி, கீழ்ப்பெட்டியில் மறுபடி ஒரு திருப்பம் திரும்பி ப்ரொபெல்லரைச் சுற்றுகிறது. இவ்வளவும் ஒன்றோடொன்று உலோகத்தால் கட்டப்பட்டவை. ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் அலுமினியக் கூட்டிலும் படகின் உடலிலும் பரவி இன்னொரு மூலையில் கேட்கும். அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான் குறித்துக்கொண்டேன்.

தண்ணீரில் செய்த சோதனைகள்

மாற்றிப் பார்க்கக் கூடியவை நான்கு: எஞ்சின் வேகம், கியர், ஸ்டீயரிங் கோணம், டிரிம் (டிரைவை மேலும் கீழும் சாய்க்கும் கோணம்). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அலையில் ஆடும் படகில் டேக்கோ (எஞ்சின் சுழற்சிமானி) முள்ளை ஒரே இடத்தில் பிடித்துவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கூட ஒருவர் இருந்தால் ஒருவர் ஓட்டலாம், இன்னொருவர் கேட்டு எழுதலாம்.

முதலில் உறுமல். நேராகப் போகும்போது வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வரவில்லை. இடப்பக்கம் ஒடித்தால் வருகிறது, வலப்பக்கம் ஒடித்தால் லேசாக. டிரிம்மை மேலே ஏற்றினால் நேர்க்கோட்டிலும் தலைகாட்டுகிறது. நியூட்ரலில் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தபோதும் மெலிதாகக் கேட்டது.

நியூட்ரலில் கேட்டது என்பதிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது டிரைவின் வகையைப் பொறுத்தது. மெர்க்ரூசர் ஆல்ஃபா போன்றவற்றில் நாய்க்கிளட்ச் (பற்கள் கோத்துக்கொள்ளும் வகை) கீழ்ப்பெட்டியில் இருக்கிறது. அதனால் நியூட்ரலிலும் செங்குத்துத் தண்டும் கீழ்ப்பெட்டியின் கியர்களும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ப்ரொபெல்லர் தண்டு மட்டும் விடுபட்டிருக்கும். மெர்க்ரூசரின் பிராவோ வகையிலும் வோல்வோ பென்டாவின் பல டிரைவ்களிலும் கூம்புக் கிளட்ச் மேல்பெட்டியில் இருப்பதால் நியூட்ரலில் செங்குத்துத் தண்டு நின்றுவிடும். என்னுடையது கீழே கிளட்ச் உள்ள வகை. ஆகவே நியூட்ரலில் கேட்டதால் ப்ரொபெல்லரை மட்டும் ஒதுக்கலாம், கியர்களை ஒதுக்க முடியாது.

கியர்களை ஒதுக்கியது ஸ்டீயரிங்தான். மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் ஒரே கட்டாகத்தான் திரும்புகின்றன. உள்ளே இருக்கும் பற்சக்கரங்களுக்கு டிரைவ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே தெரியாது. கோணம் மாறுவது ஒரே இடத்தில், பின்பலகைக்கும் டிரைவுக்கும் நடுவில், பெல்லோஸ் எனும் ரப்பர் மடிப்புக்குள். அங்கே இருப்பவை யு-ஜாயின்டுகள், அவற்றுக்கு முன்னால் கிம்பல் பேரிங். ஸ்டீயரிங்கோடும் டிரிம்மோடும் சேர்ந்து மாறும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டில் எது? இங்கே மட்டும் சத்தத்தின் தன்மையைக் கொஞ்சம் நம்பலாம். யு-ஜாயின்டின் குறுக்குத்துண்டு தேய்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ அடி, டொக் டொக் என்று எண்ணும்படி விழும். பால் பேரிங்கில் வெளிவளையம் குழி விழுந்தால், உள்ளே இருக்கும் உருண்டைகளில் ஏறக்குறைய 40 சதவீத எண்ணிக்கையில் ஒரு சுற்றுக்கு அடிகள் விழும். காது அவற்றைப் பிரித்து எண்ணாது, உறுமலாகவே கேட்கும்.

எண்ணிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை 1200 ஆர்.பி.எம்.மில் வைத்து ஃபோனில் ஒலிப்பதிவு செய்தேன். 1200 என்றால் விநாடிக்கு 20 சுற்று, கணக்குப் போட வசதியான வேகம். டிரைவின் குறைப்பு விகிதம் ஏறத்தாழ 2 என்பதால் ப்ரொபெல்லர் தண்டு விநாடிக்கு 10 சுற்று. பதிவை மெதுவாக்கிக் கேட்டால் விநாடிக்கு 20 அடியா 10 அடியா என்று தெரிந்துவிடும். 20 என்றால் உள்ளீட்டுத் தண்டின் பக்கம், 10 என்றால் ப்ரொபெல்லர் பக்கம். என் பதிவில் தனித்தனி அடி எதுவும் அகப்படவில்லை, தொடர்ச்சியான கரகரப்பு மட்டுமே. கிம்பல் பேரிங் மேல் சந்தேகம் வலுத்தது.

டிரெய்லரில்

ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் இந்தப் பகுதியைத் தொடங்க வேண்டும். கீழ்ப்பெட்டியின் தண்ணீர்த் துளைகளில் ஃப்ளஷ் மஃப் (குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் ரப்பர் மூடி) மாட்டி, குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட். வறண்டு ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளில் கருகத் தொடங்கிவிடும். பெட்ரோல் எஞ்சின் என்றால் அதற்கும் முன்னால், தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்ற எஞ்சின் அறையின் ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுவது கட்டாயம்.

ஐடிலில் வைத்துக்கொண்டு மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதெலும்பில் அழுத்தினாலும் போதும், பெல்ட் பக்கம் மட்டும் போகக் கூடாது. மேல் கியர்பெட்டியில் சீரான, மெல்லிய பல் உரசல். கீழ்ப்பெட்டியிலும் அதே. கிம்பல் கூட்டின் பக்கவாட்டில், கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடத்தில் வைத்ததும் மணலை அரைப்பது போன்ற சத்தம் காதுக்குள் பாய்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப அது ஏறி இறங்கியது.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்லோஸைப் பார்த்தேன். நேராக இருக்கும்போது அது ஒழுங்காகத்தான் தெரியும். டிரைவை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, டிரிம்மை உயர்த்தி, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில், ஒரு மடிப்பின் பள்ளத்தில், கிளாம்புக்குக் கொஞ்சம் தள்ளி மயிரிழைக் கீறல். விரித்தால் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. தண்ணீர் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

டிரைவைக் கழற்றுவதற்கு முன் கியர் ஆயிலை வடித்தேன். சத்தம் கியரில் இல்லை என்பதற்கு இதுவே கடைசிச் சாட்சி. ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கமானது. நகத்தில் சிக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால்தான் கவலை. எனக்கு வந்தது பசை மட்டுமே, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தும் மினுக்கம் இல்லை.

கழற்றிய பிறகு

என் டிரைவின் கையேடு சொல்வது போல முன் கியரில் போட்டு, டிரிம் சிலிண்டர்களை விடுவித்து, ஆறு நட்டுகளையும் கழற்றி, நேர்ப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். எடையைத் தாங்க ஸ்டாண்டோ சங்கிலி ஹாயிஸ்டோ வேண்டும், இது ஒற்றை ஆள் வேலை இல்லை. டிரைவ் விலகியதும் பெல்லோஸின் அடியிலிருந்து துருநிறத் தண்ணீர் ஒரு கை அளவு கொட்டியது.

டிரைவ் இல்லாமல் எஞ்சினை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. என் வகையில் குளிர்விக்கும் தண்ணீர் டிரைவ் வழியாகத்தான் வருகிறது, ஆகவே எஞ்சினின் தண்ணீர் வாயிலில் நேராக ஹோஸ் இணைத்தேன். உறுமல் சுத்தமாக இல்லை. எஞ்சின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

கிம்பல் பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினால் வழவழவென்று ஓடவில்லை, தயங்கித் தயங்கி, பல் பல்லாக நகர்ந்தது. யு-ஜாயின்டுகளை வளைத்துப் பார்த்தேன். எங்கும் ஆட்டமோ பிடிப்போ இல்லை, ஆனால் ஒரு குறுக்குத்துண்டின் மூடியருகே செந்துருப் பொடி படிந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் சத்தம் போட ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். டிரைவ் கையில் இருக்கும்போதே குறுக்குத்துண்டுகளையும் மாற்றிவிட்டேன். இன்னொரு முறை கழற்றும் உழைப்போடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பழைய பேரிங்கை மூன்று தாடை இழுப்பானும் ஸ்லைடு ஹாமரும் கொண்டு எடுத்தேன். புதியதைப் பொருத்துவது கடினமில்லை. கிரீஸ் போடும் வகை என்றால், பேரிங்கின் கிரீஸ் துளை கூட்டில் உள்ள துளைக்கு நேராக வருகிறதா என்று பார்த்தே அடிக்க வேண்டும். துளை தவறினால் நிப்பிளில் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் பேரிங்குக்குப் போகாது. மூடிய வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அடுத்த வேலை, எஞ்சின் அலைன்மென்ட். பேரிங் போனதற்குத் தண்ணீர் ஒரு காரணம். எஞ்சின் உயரம் சற்று விலகியிருந்தால் தண்டு பேரிங்கை எப்போதும் ஒரு பக்கமாக அழுத்தும், கப்ளரின் ஸ்ப்லைனும் தேயும். அப்படியே விட்டால் புது பேரிங்குக்கும் அதே கதிதான். அலைன்மென்ட் பார் என்ற நீண்ட கம்பியை பேரிங் வழியாகச் செருகி, கப்ளருக்குள் விட வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், இரண்டு விரலால் இழுத்தால் வெளியே வர வேண்டும். நுனியில் மெல்லிதாக கிரீஸ் பூசி விட்டு எடுத்தால் ஸ்ப்லைனின் தடம் பதியும். தடம் சுற்றிலும் சமமாக இருந்தால் சரி. எனக்கு மேல்பக்கத்தில் ஆழமாகவும் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் பதிந்தது. எஞ்சினின் முன் மவுண்டுகள் இரண்டையும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் கம்பியை விட்டுப் பார்த்தேன். அலுப்பான வேலைதான், அவசரப்பட முடியாது. தடம் சமமானதும் பூட்டு நட்டை இறுக்கி மறுபடியும் ஒருமுறை விட்டுப் பார்த்தேன், இறுக்கும்போது நகர்ந்துவிடும் என்பதால்.

புது பெல்லோஸ், புது கேஸ்கட், ஸ்ப்லைனுக்கு கிரீஸ், மறுபடி டிரைவை ஏற்றியாயிற்று. ஆயிலைக் கீழ்த்துளையிலிருந்து மேல்நோக்கி அடித்தேன், மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. மேல் திருகைப் போட்ட பிறகுதான் கீழே உள்ள பம்பை எடுக்க வேண்டும். வாஷர்கள் புதியவை.

மிச்சம் இருந்த இரண்டும்

தண்ணீரில் இறக்கி இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். உறுமல் போய்விட்டது. கடகடப்பும் ரீங்காரமும் அப்படியே இருந்தன, ஆக அவை தனிக் கோளாறுகள் என்பது உறுதியானது.

கடகடப்பு சுலபம். கியரில் ஐடிலில் மட்டும் வரும், வேகத்தை ஒரு துளி கூட்டினால் நின்றுவிடும், ஸ்டீயரிங்குக்கு அசைந்துகொடுக்காது. மெதுவான ஓட்டத்தில் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி உந்தலாக இறங்குகிறது. கியர் பற்களுக்கு இடையிலும் ஸ்ப்லைனிலும் இருக்கும் இயல்பான இடைவெளியில் அது முன்னும் பின்னும் தட்டுகிறது. ஐடில் வேகம் கையேட்டில் சொன்னதை விடக் குறைவாக இருந்தது. சரியான அளவுக்கு ஏற்றியதும் காதில் விழாத அளவுக்குக் குறைந்துவிட்டது. நாய்க்கிளட்ச் டிரைவில் கியர் விழும்போது வரும் 'டக்' இயல்பானது. தயங்கித் தயங்கி நெம்புகோலைத் தள்ளினால்தான் கறகறவென்று பற்கள் உரசும், கிளட்ச் விளிம்பும் மழுங்கும். பாரம் ஏறும்போது கியர் விட்டுக் குதித்தால் மட்டும் கீழ்ப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

ரீங்காரத்துக்கு விடை ப்ரொபெல்லரில் இருந்தது. ஒரு குறுகிய வேக எல்லைக்குள் மட்டும் வரும், அதற்கு மேலும் கீழும் வராது, ஸ்டீயரிங்குக்கும் டிரிம்முக்கும் மாறாது. இலைகளின் பின்விளிம்பிலிருந்து உதிரும் நீர்ச்சுழல்களின் துடிப்பு இலையின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ப்ரொபெல்லர் பாட ஆரம்பிக்கும். மாற்று ப்ரொபெல்லரை மாட்டி அதே வேகங்களில் ஓட்டினேன், சத்தமே இல்லை. பின்விளிம்பைச் சாய்வாகச் சீவினால் சுழல்கள் உதிரும் ஒழுங்கு கெட்டுப் பாட்டு நின்றுவிடும். ஆனால் எல்லா இலையிலும் ஒரே அளவில் சீவ வேண்டும், இல்லையென்றால் சமநிலை போய் அதிர்வு வரும். அந்த வேலையை ப்ரொபெல்லர் பட்டறைக்கே விட்டுவிட்டேன்.

மாற்று ப்ரொபெல்லரின் ரப்பர் ஹப் (இலைகளைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதி) பழசு. வழுக்கினால் சத்தம் எதுவும் வராது, எஞ்சின் வேகம் மட்டும் ஏறும், படகு ஏறாது. அதனால் ஹப்பின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரே கோடு போட்டிருக்கிறேன். கோடு இரண்டாக விலகினால் ஹப் வழுக்கிவிட்டது என்று அர்த்தம். இப்போதைக்குக் கோடு சேர்ந்தே இருக்கிறது. கொஞ்சம் ஓட்டிய பிறகு கியர் ஆயிலின் காந்தத்தையும் பெல்லோஸின் அடிமடிப்பையும் மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.