பக்கத்துப் பக்கத்து இலை

நேத்து முதலியார்பேட்டையில ஒரு கல்யாணம். போன தேர்தலில் எதிரெதிரா நின்னு, மைக்குல ஒருத்தரை ஒருத்தர் வறுத்தெடுத்த ரெண்டு பேரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை! "அண்ணே, இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்குங்க"ன்னு உபசரிப்பு வேற.

நம்ம புதுச்சேரி அளவு அப்படி. சுமார் 10 லட்சம் வாக்காளர், 30 தொகுதி. தெருவுக்குத் தெரு சொந்தக்காரன். முறைச்சுக்கிட்டு எங்க போறது?

2023 மார்ச்சில் மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறின தீர்மானம் ஞாபகம் வந்தது. தனிநபர் தீர்மானமா எடுத்துட்டு வந்தது எதிர்க்கட்சி உறுப்பினர்கள். முதல்வர் ரங்கசாமி அதையே அரசுத் தீர்மானமாக்க, ஒருமனதா நிறைவேறுச்சு. கூட்டணியில் பா.ஜ.க. இருந்தும்! (டெல்லி அசையல, அது தனிக் கதை.)

கை கழுவுற இடத்துல மட்டும் யார் முந்துறதுன்னு லேசா போட்டி.