கழுத்தை நீட்டினால் ஒரு இனம், ஒடுக்கினால் இன்னொரு இனம்

ஒண்டாரியோ ஏரிக்கரையில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்தபோது, கூஸ் என்னும் பெருவாத்துகளை எண்ணுவதுதான் சுலபம் என்று நினைத்தேன். கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் கனடா கூஸ். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து பார்த்துப் பழகிய கண் எனக்கு. பின்னந்தலையில் இரண்டு கறுப்பு வரி தெரிந்துவிட்டால் அங்கே மறுபேச்சு கிடையாது.

இங்கே படிவத்தில் இரண்டு கட்டங்கள். கனடா கூஸில் உடல் சிறுத்த நான்கு துணையினங்களை 2004-ல் அமெரிக்கப் பறவையியலாளர் ஒன்றியம் பிரித்து, கேக்லிங் கூஸ் என்று தனி இனமாக்கியது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் சிறியவையும் பெரியவையும் இரு கிளைகளாக விலகி நிற்கின்றன. பிரித்ததில் எனக்குக் குறையில்லை.

நவம்பரில் ஒரு காலை. கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று, மல்லார்ட் வாத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கட்டையான அலகு, செங்குத்தான நெற்றி. சந்தேகமே இல்லை, கேக்லிங். அதற்குப் பக்கத்தில் நடுத்தர உடம்போடு இன்னொன்று. குளிர்காற்றில் கழுத்தை உள்ளிழுத்து உட்கார்ந்திருந்தபோது அதுவும் கேக்லிங் மாதிரிதான் இருந்தது. நாய் குரைத்ததும் கழுத்தை நீட்டி நிமிர்ந்தது. கனடா கூஸ் ஆகிவிட்டது! தொலைநோக்கியில் ஐந்து நிமிடம் பார்த்தும் தீரவில்லை.

எங்களோடு வரும் வயதான தன்னார்வலர் ஒருவர் 1980-களிலிருந்து குறிப்பேடு வைத்திருக்கிறார். எல்லாப் பக்கத்திலும் கனடா கூஸ்தான். "இதையெல்லாம் இப்போது எந்தக் கட்டத்தில் போடுவது?" என்று அவர் கேட்டபோது குரல் கம்மியது. ஏதாவது ஒன்றில் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றது அலுவலகம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் இணையதளத்தில்கூட 'கேக்லிங் அல்லது கனடா' என்று பதிய இடமிருக்கிறது.

பிரித்து எண்ணுவதன் அருமை தெரியாமல் சொல்லவில்லை. மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் விடப்பட்ட நரிகள் அங்கிருந்த சிறு கூஸைக் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்துவிட்டன. அழிந்ததென்றே நினைத்திருந்தார்கள், 1962-ல் புல்டிர் தீவில் மிச்சம் அகப்பட்டது. 1967-ல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்து, நரிகளை அகற்றிக் காப்பாற்றி, 2001-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அப்போது அது கனடா கூஸின் வெறும் துணையினம்தான். இன்னதென்று அடையாளம் தெரிந்து எண்ணியதால்தான் அது முடிந்தது. ஊகித்துப் போட்ட எண் அதற்கு உதவாது.

அன்று இரண்டு கட்டத்திலும் அந்தப் பறவையைச் சேர்க்கவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: 'ஒன்று, நடுத்தர உடல், இனம் உறுதியில்லை.' கீழே அந்தத் தன்னார்வலரும் கையெழுத்துப் போட்டார்.