மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் எடுக்காத வண்டி

நீலகிரி மலைமேல் இருக்கும் கேத்தியிலிருந்து அடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறவன் நான். இருப்பது ஒரே வண்டி. டீசல் பிக்கப், நாலு சிலிண்டர் காமன் ரயில் எஞ்சின் (ரயில் என்பது பம்பு ஏற்றும் டீசலை அழுத்தத்தில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாய்), மீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தாண்டியிருந்தது. காலை மூன்று மணிக்கு வண்டி எடுத்தாக வேண்டும். கேரட் கழுவி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள், நேரத்துக்குக் கீழே போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை போச்சு.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்தது. செல்ஃப் நன்றாகவே சுற்றும், எஞ்சின் பிடிக்காது. இருபது செகண்ட் சுற்றி, விட்டு, மறுபடி சுற்றினால் ஒருவழியாகப் பிடிக்கும். பிடித்த பிறகும் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகையும் நடுக்கமுமாக இருக்கும், ஸ்டீயரிங்கில் கை வைத்தால் பல் ஆடும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: பனிக்கு அப்படித்தான் இருக்கும். கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டு வண்டி எடுக்கிற ஊரில் அதை மறுத்துப் பேசவும் முடியாது.

சரி, பனிதான் காரணம் என்றால் முதலில் பேட்டரியையும், குளிரில் எஞ்சின் பிடிக்க சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கையும் பார்க்கலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட், செல்ஃப் சுற்றும்போது 10.4. குறை சொல்ல முடியாது. எர்த் வயரை மட்டும் கழற்றித் தேய்த்துப் போட்டேன். ஹீட்டர் பிளக் நாலில் மூன்று ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்டின, ஒன்று எதுவுமே காட்டவில்லை. அது செத்திருந்தது. மாற்றியதும் புகை பாதியாகக் குறைந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் காலையில் அதே இருபது செகண்ட்.

அந்தச் சமயம் தெரிந்த டிரைவர் ஒருவர், பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டு, உடனே பிடிக்கும் என்றார். பிடிக்கும்தான். ஆனால் உள்ளே ஹீட்டர் பிளக் பழுத்துக் கொண்டிருக்கும்போது அப்படிச் செய்தால் தப்பான நேரத்தில் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். அந்த வேலைக்கு நான் போகவில்லை.

அடுத்த தொல்லை மலை ஏறும்போது வந்தது. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. மஞ்சள் லைட் எரிந்தது, பவர் சுத்தமாகப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடியது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். ரயில் பிரஷர் குறைவு என்று எரர் கோடு வந்தது. ஹை பிரஷர் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் போய்விட்டன, அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் பழைய டீசல் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க தம்பி, சூடா இருக்கையில அணைச்சுட்டு உடனே எடுத்தா எடுக்குதுங்களா?"

"தொட்டதும் எடுக்குதுங்ண்ணா."

"அப்புறம் எதுக்குப் பம்பு மேல பழி போடறீங்க?"

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. எஞ்சின் பிடிக்க ரயிலில் சுமார் 200 பார் அழுத்தமாவது (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) ஏற வேண்டும். இன்ஜெக்டர் தேய்ந்து, மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் குழாய் வழியாக டீசல் அளவுக்கு மேல் திரும்பினால் அந்த அழுத்தம் ஏறாது. எஞ்சின் சூடாகி டீசல் இளகியிருக்கும்போதுதான் அந்தக் கோளாறு அதிகம் தொல்லை கொடுக்கும். என் வண்டி நேர் எதிர். ஸ்கேனர் சொன்னதும் பொய் இல்லை, அழுத்தம் இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. பம்பு கெட்டாலும் அதே கோடு வரும், பம்புக்கு டீசல் சரியாக வந்து சேராவிட்டாலும் அதே கோடுதான் வரும்.

சொன்னதோடு விடவில்லை. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நாலு சின்ன பாட்டிலில் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓட விட்டார். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் அதுதான் குற்றவாளி. நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றன. "லைன்ல எங்கியோ காத்து இழுக்குது, பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கே என்று பார்ப்பது? டேங்கிலிருந்து ஃபில்டர் வரைக்கும் லைனைத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பம்பு இழுக்கிற பக்கம் இது. அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

வழி காட்டியது என் மனைவி. தினமும் மூன்று மணிக்கு அந்தச் செல்ஃப் சத்தத்தில் தூக்கம் கெடுகிறவள் அவள்தானே. "ஏங்க, பக்கத்து வீட்டு ஜீப் வந்து நிக்கிற அன்னிக்கு மட்டும் நம்ம வண்டி டக்குனு எடுக்குதே, கவனிச்சீங்களா?" என்றாள்.

எங்கள் வீட்டு வழி நல்ல சரிவு. வழக்கமாக மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துவேன். ஜீப் இடத்தைப் பிடித்துவிட்டால் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவேன். அப்போதுதான் பளிச்சென்று பட்டது. மூக்கு மேலே இருந்தால் ஃபில்டரும் பம்பும் டேங்கைவிட உயரத்தில் இருக்கும். ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் லைனில் இருக்கும் டீசல் ராத்திரி முழுக்க மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். மலை ஏறும்போதும் அதே நிலைதான், மூக்கு மேலே, டேங்க் கீழே. இறக்கத்தில் லோடோடு போகும்போது ஒரு நாளும் வெட்டாததற்கும் காரணம் புரிந்தது.

சோதித்துப் பார்த்தேன். மூக்கு மேலே நிறுத்திய காலை, ஃபில்டர் மேல் இருக்கும், கையால் அமுக்கி லைனில் டீசல் ஏற்றுகிற ஹேண்ட் பம்பை அமுக்கினால் பஞ்சு மாதிரி போனது. பதினைந்து அடிக்குப் பிறகுதான் இறுகியது. இறுகியதும் சாவி போட்டால் ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. மூக்கு கீழே நிறுத்திய காலை, இரண்டாவது அடியிலேயே கல் மாதிரி நின்றது.

அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒரு துண்டு மாட்டினேன். ரேஸ் கொடுத்தால் சோடா பாட்டில் மாதிரி குமிழி ஓடியது. (இது பம்புக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து இரும்பு லைனை எஞ்சின் ஓடும்போது யாரும் தொடாதீர்கள். முழு லோடில் அங்கே ஆயிரம் பாருக்கு மேல் இருக்கும், பீய்ச்சினால் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கிவிடும்.) டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, ஃபில்டருக்கு ஐந்து லிட்டர் கேனிலிருந்து டீசல் கொடுத்தேன். குமிழி நின்றது, நடுக்கமும் நின்றது. ஃபில்டரும் அதன் ஓ ரிங்கும் நல்லவை. ஓட்டை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான்.

அன்று இரவு வேண்டுமென்றே டேங்கை நிரப்பி, மூக்கைக் கீழே விட்டு நிறுத்தினேன். இப்போது டேங்க் உயரத்தில் இருப்பதால் ஓட்டை வழியாக டீசல் வெளியே கசிய வேண்டும். காலையில் டார்ச்சோடு அடியில் படுத்தேன். பின்பக்கம், இரும்புக் குழாயோடு ரப்பர் ஹோஸ் சேரும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி, புழுதி மட்டும் கறுத்து அடையாக ஒட்டியிருந்தது. துடைத்தால் அடிப்பக்கம் ஒன்றுமில்லை. மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. சேஸ் பிராக்கெட்டின் ஓரத்தில் உரசி உரசி ஹோஸ் தேய்ந்து, மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது.

இரண்டடி ஹோஸ், இரண்டு கிளிப், 340 ரூபாய். மறுபடி உரசாமல் இருக்க பிராக்கெட் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். கண்ணாடி ஹோஸைக் கழற்றிப் பழைய லைனையே மாட்டி, ஹேண்ட் பம்ப் இறுகும்வரை அடித்து, ஸ்கேனரில் கோடை அழித்தேன். மறுநாள் மூக்கு மேட்டைப் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தேன். ஹீட்டர் லைட் அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், இரண்டு செகண்டில் பிடித்தது.

உறைபனி கொட்டுகிற நாளில் முதல் அரை நிமிடம் லேசாக ஒரு நடுக்கம் இன்னும் இருக்கிறது. மற்ற மூன்று ஹீட்டர் பிளக்கும் பழசு, அதனால் இருக்கலாம். சீசன் முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். வெடித்த ஹோஸ் துண்டு சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. அந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்தது. வண்டிக்குள் டீசல் வாடை வருகிறது என்று வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன்.