மரி லூயிட் குதிரைத்தலை: தாடை வரை வந்திருக்கும் வேலை

தெற்கு வேல்ஸில், குறிப்பாக கிளமோர்கன் பக்கத்து ஊர்களில், கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் வீடு வீடாகப் போகும் குதிரைத்தலைதான் மரி லூயிட். நிஜக் குதிரையின் மண்டையோடு, ஒரு கழி, வெள்ளைத் துணி, கலர் ரிப்பன். துணிக்குள் நிற்பவர் தாடையைக் 'கடக் கடக்' என்று அடிப்பார். வாசலில் பாட்டுப் போட்டி நடக்கும். எதிர்ப்பாட்டு தீர்ந்துபோன வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து கேக்கும் பீரும் தரவேண்டும். இங்கே அட்டையில் செய்துவரும் தலையும் அந்தச் சத்தம் வராவிட்டால் மரி லூயிட் ஆகாது.

மண்டையோட்டின் நீளம் 55 செ.மீ. 5 மி.மீ. நெளி அட்டையில் பக்கத்தோற்றம் இரண்டு வெட்டி, நடுவே குறுக்குத் துண்டுகள். கண்குழி அருகே அகலம் 20 செ.மீ., மூக்கு நுனியில் 7. மேலே செய்தித்தாள் மூன்று அடுக்கு. பசைக்கு ஃபெவிகால் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. ஓர் அடுக்கு முழுக்கக் காயாமல் அடுத்ததை ஒட்டினால் நெளி தளர்ந்து மூக்கு கோணிக்கொள்ளும். மைதாப் பசையில் பூஞ்சை வரும்.

முன்பல் மேலே 6, கீழே 6. அதன்பின் வெறும் எலும்பாக ஓர் இடைவெளி, பிறகே கடைவாய்ப்பல். இடைவெளி விடாமல் பல் வைத்தால் முதலைத்தலை ஆகிவிடும்.

கீழ்த்தாடை பின்பக்கம் இரண்டு கிளையாகப் பிரியும், 150 செ.மீ. கழி அவற்றின் நடுவே ஏறித் தலையைத் தாங்குகிறது. தாடை அசையும் மூட்டுக்கு இரு பக்கமும் 6 மி.மீ. போல்ட், வாஷர், நைலான் லாக் நட். சாதா நட் அடிக்க அடிக்கக் கழன்றுவிடும். வாயை மூட சைக்கிள் டியூப் பட்டை, திறக்க நூல்கயிறு. கயிற்றுக்கு இடம் போல்ட்டிலிருந்து 12 செ.மீ. முன்னே: அதைவிடக் கிட்டே கட்டினால் இழுக்கக் கை வலிக்கும், நுனியில் கட்டினால் கயிற்றை வெகுதூரம் இழுத்தாலும் வாய் கொஞ்சம்தான் திறக்கும்.

அட்டையோடு அட்டை மோதினால் 'பொத்' என்றுதான் கேட்கும். அதனால் முன்பல் இருக்கும் இடத்தில் மேலும் கீழும் 1 செ.மீ. கனத்தில் தேக்குத் துண்டு. மூக்குக்குள் காகிதம் அடைக்கவே கூடாது. அந்த வெற்றிடம்தான் சத்தத்தைப் பெரிதாக்குகிறது. இப்போது அடுத்த அறை வரை கேட்கிறது, அருமையான சத்தம்!

மீதி இருப்பது கண்ணும் துணியும். வழக்கத்தில் கண்ணுக்குப் பாட்டில் கண்ணாடி. இங்கே பச்சை பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகம், பின்னால் அலுமினியத் தாள். கண் பொருத்திய பிறகே தலையைக் கயிற்றில் தொங்கவிட்டு, சமநிலை நிற்கும் புள்ளியில் கழியை இறுதியாக ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் மூக்கு கவிழும். ரிப்பன் எதுவும் போல்ட்டுக்கு 10 செ.மீ.க்குள் வரக்கூடாது, சிக்கினால் தாடை பாதியில் நின்றுவிடும்.