சூம் வகுப்பும் ஒற்றைக் கோடு சிக்னலும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் சூம் வகுப்பு இடையில் அறுந்தால் சிக்னலை மட்டும் குறை சொல்லாதீர்கள். பிள்ளையின் கமரா ஓடினால், அந்தப் படத்தை மேலே அனுப்பவே இணைப்புத் திணறும். முதலில் கமராவை நிற்பாட்டுங்கள். ஆப் அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

விடைத்தாள் அனுப்புவதில்தான் பெரிய சேதம். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பென்சிலால் கீறிய வரைபும், இரசாயனச் சூத்திரத்தின் கீழெண்ணும் கரைந்துபோகும். C₂H₄ எது, C₂H₆ எது? பாவம், உழைத்து எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போய்விடும். அதே படத்தை 'டொக்யுமென்ட்' வழியாக அனுப்பினால் சுருங்காது. 10 பக்கம் என்றால் ஸ்கேன் ஆப்பில் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தலைக்கு மேலே மின்குமிழ் எரிந்தால் போனின் நிழல் தாளிலேயே விழும்.