செய்தி எங்க கண்ணு?

நம் பள்ளித் தமிழாசிரியர் தமிழய்யா காலமான தகவல், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களான நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த நாளிலும், இரங்கல் வரிகளுக்கு நடுநடுவே தலைவர்களைக் கிண்டலடிக்கும் மீம்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இப்போதைய முதல்வர், முந்தைய முதல்வர், பிரதமர், புதிதாகக் கட்சி ஆரம்பித்தவர் என்று ஒருவர் பாக்கியில்லை. எந்தத் திட்டம், எந்த ஊர், எவ்வளவு பணம் என்ற விவரம் ஒரு வரிகூட எதிலும் இல்லை. அய்யா கையில் கொடுத்திருந்தால் ஒன்றுகூட அவர் நடத்திய சுவர்ப் பத்திரிகைக்காகப் பள்ளித் தாழ்வாரச் சுவருக்குப் போயிருக்காது. இத்தனைக்கும் தலைவர்களைக் கேலி செய்ய நமக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

தலைவர்களை நையாண்டி செய்வது இன்று ஒரு நாகரிகப் பழக்கமாகிவிட்டதா என்று நம் சங்க மலரின் குழு கேட்டிருக்கிறது. ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன். நையாண்டி நமக்குப் புதிதில்லை. புதிதாக வந்திருப்பது பாடுபடாமல் செய்கிற நையாண்டி. அய்யாவின் கையில் ஒரு கேலிப்படம் எப்படி உருவானது என்பதை எழுதி வைத்தாலே அது விளங்கும்.

சுவர்ப் பத்திரிகை வெள்ளிக்கிழமை பிரேயருக்கு முன் ஒட்டப்படும். வியாழன் சாயங்காலம் பசை காய்ச்ச வேண்டும். ஒரு டம்ளர் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கிற நாலைந்து டம்ளர் தண்ணீரில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். மைதாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். ஒட்டிய சார்ட் அங்கங்கே புடைத்து நிற்கும். பூச்சியும் எலியும் அண்டாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது விஷம் என்பதால் அய்யாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. படம் முதலில் எச் பென்சிலில், பிறகு கட்டைப் பேனாவும் இந்தியன் இங்க்கும். ஐப்பசி மழையில் சார்ட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கோடு மயிர் மயிராகப் பரவும். அந்த வாரங்களில் சார்ட்டைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்திருந்து, வரையும்போதுதான் வெளியே எடுப்பார்.

இதெல்லாம் கைவேலை. உண்மையான வேலை படத்துக்குக் கீழே இருந்த கட்டத்தில் இருந்தது. அதற்கு ஆதாரக் கட்டம் என்று பெயர். பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், தலைவர் சொன்னது அல்லது செய்தது என்ன, அதில் எது நடக்கவில்லை என்பதை ஐந்து வரிக்குள் எழுத வேண்டும். நூலகத்தில் தினசரிகளைப் புரட்டாமல் அதை நிரப்ப முடியாது. படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி, கட்டம் காலியாக இருந்தால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “செய்தி எங்க கண்ணு?”

ஆதாரம் இருந்தால் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அதே விஷயத்தை 15 பைசா அஞ்சலட்டையில் எழுதி, நகராட்சி ஆணையருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ கலெக்டருக்கோ அனுப்பிவிட்டுத்தான் படத்தை ஒட்டலாம். “சிரிச்சுட்டுப் போயிட்டா அவிகளுக்கு என்ன நட்டம்? கேட்டும் பாக்கோணுமல்ல” என்பார். பதில் வந்தால் அடுத்த வாரம் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதிலையும் ஒட்ட வேண்டும். சரியான பதிலாக இருந்தால் படத்தையே எடுத்துவிட வேண்டும்.

உருவத்தை வரைவதில் அவர் போட்ட விதிதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. ஒருவர் தானே விரும்பி அணிந்ததை வரையலாம், பிறவியில் வந்ததை வரையக்கூடாது. எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞருக்குத் துண்டும் கறுப்புக் கண்ணாடியும், ராஜாஜிக்குக் கைத்தடி, காமராஜருக்கு முழங்கையைத் தொடும் கதர்ச் சட்டை. நிறம், பல், குரல், உடம்பு, சாதி எதுவும் வரக்கூடாது. கண்ணாடியை மட்டும் நம்பினால் இரண்டு முதல்வர்களும் ஒருவராகிவிடுவார்கள். தொப்பியும் துண்டும்தான் பிரித்துக் காட்டும். இந்திரா காந்தியின் நரைக் கற்றை எந்தப் பக்கம் சேரும் என்ற வாதம் மட்டும் கடைசிவரை தீரவில்லை. எழுத்திலும் ஒருமை கூடாது. நம் ஊர் நக்கலே “ங்க” போட்டு வருவதுதானே! “தண்ணி எப்பங்க வரும்?” என்று மரியாதையாகக் கேட்டால் கேட்கப்பட்டவருக்குக் கோபப்பட வழியில்லை, பதில் சொல்லியாக வேண்டும். “அவன் இவன்”னு எழுதினால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கேள்வியிலிருந்து நழுவிவிடுவார் என்பது அவர் கணக்கு.

வாரம் ஒரு கட்சி என்ற முறையும் இருந்தது. இந்த வாரம் ஆளுங்கட்சி என்றால் அடுத்த வாரம் எதிர்க்கட்சி. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படித்த பள்ளி அது. ஒரு பக்கமே வரைந்தால் இன்னொரு பக்கம் மதிய மணி அடிப்பதற்குள் கிழித்துவிடும். மாற்றி மாற்றி வரைந்ததால்தான் வெள்ளியன்று ஒட்டியது மறு வெள்ளி வரை சுவரில் நின்றது.

பாடத்தில் அவர் எடுத்துக்காட்டு சொல்லும் விதம் நினைவிருக்கும். 1967 தேர்தலில் ஒலித்த “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” என்ற முழக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுவார். முதல் பாதியில் மரியாதை, இரண்டாம் பாதியில் விலை. முதலமைச்சரின் முகம் அதில் இல்லை, அவர் பொறுப்பு மட்டும் இருக்கிறது. அதே வேகத்தில் மறுபக்கத்தையும் எடுப்பார். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி தி.மு.க.வினர் ஆட்சிக்கு வந்தார்கள். ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. “அப்ப அவிகளை எப்படிக் கேக்கோணும்?” என்று வகுப்பைப் பார்ப்பார். “மிச்சம் ரெண்டு படி என்னாச்சுங்க?” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும்வரை விடமாட்டார்.

அடுத்தது ஒளவை. தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஒளவை, அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டு. உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த வீட்டில் இருக்கின்றன. எங்கள் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதில் வசைச் சொல் ஒன்றுமில்லை. கொட்டிலுக்குள் போய், எது எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்த ஒருத்தியால்தான் அப்படிப் பாட முடியும் என்று அய்யா அழுத்திச் சொல்வார்.

1987இல் விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்ததும், எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் விடுவித்ததும் நம் தலைமுறைக்கு மறக்காது. பின்னால் உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கை தவறென்று கூறி 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சிறைத் தண்டனையைக் கண்டித்து நம் சுவரில் ஒரு முழு சார்ட் எழுதியவர் அய்யா. ஆனால் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் மொத்தமாகத் திருடர்களாக்கும் அந்த நகைச்சுவையை நம் சுவரில் வரைய அவர் இடம் கொடுக்கவில்லை. “எல்லாருமே திருடங்கன்னு சொன்னா நெசத் திருடனுக்குத்தான் லாபம், அவன் கூட்டத்துல மறைஞ்சுக்குவான்” என்றார். இன்றைய மீம்களில் பத்துக்கு ஒன்பது இந்த வகைதான். எல்லாரும் ஒன்று என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஓட்டுப் போடாமலிருக்க ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறோம்.

நம் மண்ணின் பெரிய நையாண்டி என்று அவர் சொன்னது 1996 மொடக்குறிச்சித் தேர்தல். தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். ஒரே சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலே ஒரு மாதம் தள்ளிப் போனது. ஒவ்வொருவரும் கைக்காசில் டெபாசிட் கட்டிச் செய்த கேலி அது. அன்று டெபாசிட் 250 ரூபாய். அதன் மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ரூபாயாக்கினார்கள், சுயேச்சைகளுக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். அடுத்து நிற்க நினைத்த ஏழை வேட்பாளருக்கு அது பாரமானது. கேலி யார் தலையில் விழுகிறது என்று முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைத்தான் காட்டுவார்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நம் சுவரின் நிரந்தர விருந்தாளி. எந்தத் தேர்தல் வந்தாலும் வறண்ட குளக்கரையில் ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி நிற்பார். 2019இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு ஆட்சி தொடங்கியதை இன்னொரு ஆட்சி முடித்தது. அந்த வாரம் நம் குழுவில் வந்ததெல்லாம் யார் யாருடைய பெயரைத் திருடினார்கள் என்ற படங்கள். ஆற்றில் உபரி இல்லாத மாதத்தில் பம்பு ஓடுமா, கடைக்கோடிக் குட்டைக்குக் குழாயில் அழுத்தம் இருக்கிறதா, நம் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அய்யா கேட்டிருப்பார்.

மீம் செய்ய இன்று ஐந்து நிமிடம் போதும். சினிமா முகம் ஒன்று, இரண்டு வரி, அனுப்பு. பேச்சின் நடுவில் வெட்டிய வீடியோவும், டிவி சேனலின் முத்திரை போட்ட போலி நியூஸ் கார்டும் இதோடு சேர்ந்து வருகின்றன. சரிபார்ப்பது பெரிய வேலையில்லை. கார்டில் தேதி இருக்கிறதா, அதே கார்டு அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் உண்டா, எழுத்துருவும் சந்தியும் வழக்கம்போல் உள்ளனவா, படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படமாக வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பெண் தலைவர்கள் மீது வரும் கேலிக்குச் சரிபார்ப்பே வேண்டாம். முக்கால்வாசி உடம்பையும் நடத்தையையும் பற்றியதாகத்தான் இருக்கும். அவற்றை அழித்துவிடலாம்.

இதில் நம் நிலை எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது உண்மை. ஆனால் அவதூறு இன்றும் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கின்றன. இங்கிருந்து நாம் அனுப்புவதை அங்கே இருக்கும் தம்பியோ மச்சானோ தன் பெயரில் பகிர்ந்தால், ஸ்டேஷனுக்குப் போய் நிற்கப்போவது அவர்தான். தார் போடாத ரோட்டில் போவதும், ரேஷன் கடையில் நிற்பதும் அவர்தான். அஞ்சலட்டையில் ஊரும் விலாசமும் போட்டு அனுப்பிய காலத்தில் நமக்கு இருந்த உரிமை, விமானம் ஏறியபோதே பாதி கழன்றுவிட்டது.

மீதிப் பாதியை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத நம் உறுப்பினர்கள் படிவம் 6அ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியிலேயே வாக்காளராகலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், முகவரிப் பக்கம், நடப்பு விசா ஆகியவற்றின் நகலோடு ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும் வேண்டும். அடையாள அட்டை தரமாட்டார்கள். வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், டிக்கெட் செலவைப் பார்த்து. தேர்தல் தேதியையும் ஊர் நோம்பியையும் சேர்த்து விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் போகலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையில் ஊருக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவும் மூடிவிட்டது.

அதனால் ஒரு யோசனை. தாழ்வாரத்துச் சுவர் இப்போதும் இருக்கிறது, பத்திரிகைதான் நின்றுவிட்டது. அய்யா நினைவாகச் சிலை, அரங்கம் என்று பேச்சு வருகிறது. அதற்கு முன் ஒரு வருடத்துச் சார்ட், மை, பேனா, மூன்று தினசரிகளின் சந்தா, அஞ்சலட்டைக் கட்டு ஆகியவற்றுக்கு நாம் பணம் அனுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டலாம், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். என்ன வரைய வேண்டும், யாரை வரைய வேண்டும் என்று மட்டும் இங்கிருந்து நாம் சொல்லக்கூடாது. குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று பள்ளி விட்டதும் சைக்கிளில் போய்ப் பார்த்து ஆதாரக் கட்டத்தை நிரப்பக்கூடியவர்கள் அங்கே இருக்கும் பிள்ளைகள்தான்.