அண்ணன் குடியை நிறுத்தினார், ஃபிட்ஸ் வந்தது

குடியை விட்டால் உடம்பு தேறும் என்று ஊரே சொல்கிறது. தினமும் குடித்தவர் ஒரேயடியாக விட்டால் உயிருக்கே ஆபத்து என்று எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்து பல வருஷம். அம்மா அழுது புரண்டு, அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் வாங்கினார். கருப்பிடம் கொடுத்த வாக்கை எங்கள் பக்கம் யாரும் மீற மாட்டார்கள். அண்ணனும் மீறவில்லை.

மறுநாளே நடுக்கம். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் பாதி டீ வேட்டியில். வியர்வை, வாந்தி, பொட்டுத் தூக்கம் இல்லை. “கோட்டருக்கு அடி போடுறான், நடிப்பு” என்றார் சித்தப்பா. பக்கத்து கிளினிக்கில் பலவீனம் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி, ஏதோ ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். குடிப்பாரா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. சீட்டு கேட்டதற்கு, “ட்ரிப்ஸுக்கெல்லாம் எதுக்குண்ணே சீட்டு?” என்று கவுண்டரில் சிரிப்பு வேறு.

விடியற்காலையில் ஃபிட்ஸ். 108-ல் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். “கடைசியா எப்ப குடிச்சாரு?” என்று டியூட்டி டாக்டரம்மா கேட்டதற்கு அண்ணி பதில் சொல்லிவிட்டார். “என்ன ஊசி போட்டாங்க?” என்றதற்கு நாங்கள் முழித்தோம். கிளினிக்குக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. ஏற்கெனவே தூக்க ஊசி போட்டிருந்தால், அதன் மேல் இவர்கள் கொடுக்கும் மருந்தும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடுமாம். இதற்காகவே சொல்கிறேன்: எந்த ஊசியானாலும் பேரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நான் அந்த கிளினிக்கிலேயே போய் நின்று எழுதி வாங்கினேன். வெறும் வாந்தி ஊசி! அதற்குத்தான் அத்தனை பாடு.

குளுக்கோஸ் என்றதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. நாள்பட்டுக் குடிப்பவர்களுக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்; பார்வை, நடை, ஞாபகம் எல்லாம் கெடலாம் என்றார்.

நடுக்கம் ஏன் என்று அண்ணிக்கு அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது. சாராயம் மூளைக்குப் பிரேக். வருஷக்கணக்கில் பிரேக்கை மிதித்தபடியே ஓடிய மூளை, ஈடுகட்ட ஆக்சிலரேட்டரை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று காலை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? காபா, குளுட்டமேட் என்று மூளை ரசாயனங்களின் பெயர்களும் சொன்னார். லோடு வண்டிக்காரன் பெண்டாட்டிக்குப் பிரேக்கே போதும்.

ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும். அதைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம் என்று நினைக்க வேண்டாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் புத்தி தடுமாறலாம். அண்ணனுக்கு அதுவும் வந்தது. இல்லாத எறும்பைப் போர்வையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். “லோடு இறக்கலயேடா தம்பி” என்று எழுந்து ஓடப் பார்த்தார். கூட ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும், அதுவும் பலமான ஆளாக. மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், அப்புறம் தெளிந்தார், வீட்டுக்கு வந்தோம்.

மாத்திரை டப்பா அண்ணியிடம்தான் இருக்கிறது. நடுக்கத்தையும் ஃபிட்ஸையும் அடக்கக் கொடுக்கும் லிப்ரியம் மாதிரியான மருந்தே பழக்கமாகிவிடும் என்பதால், சொன்ன நாளோடு நிறுத்த வேண்டும். தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. கடை இருக்கும் தெரு வழியாகப் போனாலே வாய் ஊறுகிறது என்கிறார். குடி நின்றாலும் மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனத்தின் பழக்கம் லேசில் மறக்காதாம். சரி, இப்போதைக்கு வண்டி வேறு ரோட்டில் போகிறது.

‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறதே, அதை நம்பிச் சாம்பாரில் எதையும் கலந்துவிடாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி, ஆளே போய்விடலாம். சத்தியம் வாங்குவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அடியுங்கள், காசு கிடையாது.